அசல் கார் எது? போலி கார் எது?

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இரண்டும் வெள்ளை நிறம். இரண்டின் பக்கவாட்டிலும் "கரேரா" என்று நீல நிறத்தில் எழுதி இருக்கிறது. சக்கரங்களின் நடுவிலும் அதே நீலம். பின்பக்கத்தில் வாத்தின் வால் போல ஒரு பகுதி தூக்கிக் கொண்டு நிற்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றின் விலை பல கோடி ரூபாய். மற்றொன்றின் விலையோ அதில் ஒரு சிறு பங்கு!

ஏன் இந்த வித்தியாசம்?

ஒன்று அசல். மற்றொன்று அதைப் பார்த்துச் செய்த நகல்.

எது அசல், எது நகல்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தும் சொல்ல முடியாது. தங்கத்தை உரைத்துப் பார்க்கக் கல் இருக்கிறது. மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். காரை எப்படிப் பார்ப்பது?

அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

500 கார் செய்தால் போதும்!

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்ற நகரம் இருக்கிறது. போர்ஷே கார் தொழிற்சாலை அங்கேதான் உள்ளது. அந்தக் கம்பெனியின் "911" என்ற கார் உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

1972-ம் ஆண்டு அந்தக் கம்பெனி, 911 காரைப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க நினைத்தது. ஆனால் பந்தயக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். "பந்தயத்துக்கு வரும் கார், கடையில் விற்கும் காராக இருக்க வேண்டும். குறைந்தது 500 கார்களாவது செய்திருக்க வேண்டும்" என்பது அந்த விதி.

"500 கார்களை யார் வாங்குவார்கள்?" என்று கம்பெனியின் விற்பனைப் பிரிவினர் பயந்தார்கள்.

காரின் எடையைக் குறைக்க என்னென்னவோ செய்தார்கள். மெல்லிய இரும்புத் தகடு போட்டார்கள். மெல்லிய கண்ணாடி போட்டார்கள். பின் இருக்கையை எடுத்து விட்டார்கள். தரை விரிப்பு இல்லை. கை வைக்கும் கட்டை இல்லை. கடிகாரம் கூட இல்லை! எடை மிகவும் குறைந்த காரின் எடை 960 கிலோதான்.

பின்னால் இருந்த "வாத்து வால்" அழகுக்காக வைத்தது அல்ல. கார் வேகமாகப் போகும்போது காற்று பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அப்படித் தூக்காமல், சக்கரம் தரையோடு ஒட்டி ஓடுவதற்காக வைத்தது.

என்ஜின் 210 குதிரை சக்தி கொண்டது. மணிக்கு 240 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியது.

1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பாரிஸ் கார் கண்காட்சியில் இந்தக் காரை வைத்தார்கள். "கரேரா ஆர்.எஸ்." என்று பெயர் சூட்டினார்கள். விலை 34 ஆயிரம் மார்க். மார்க் என்பது அப்போதைய ஜெர்மன் நாணயம்.

விற்குமா என்று பயந்தார்கள் அல்லவா? நவம்பர் மாத முடிவுக்குள் 500 கார்களும் விற்றுத் தீர்ந்து விட்டன! கேட்டவர்களுக்குக் கொடுக்க, மேலும் மேலும் செய்தார்கள். 1973-ம் ஆண்டு ஜூலை மாதம் நிறுத்தியபோது மொத்தம் 1,580 கார்கள் ஆகியிருந்தன. அவற்றில் எடை குறைந்த "ஸ்போர்ட்" வகை 200 மட்டுமே.

அதற்குப் பிறகு அந்தக் காரைச் செய்யவில்லை. ஆசைப்படுகிறவர்களோ ஆண்டுக்கு ஆண்டு பெருகினார்கள். விலை ஏறிக் கொண்டே போனது. எடை குறைந்த வகைக் கார், ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியும் விலை போயிருக்கிறது.

விலை ஏறினால் போலியும் வரும் அல்லவா?

போலி பிறக்கும் விதம்

அதே ஆண்டுகளில் போர்ஷே கம்பெனி சாதாரண 911 கார்களை ஆயிரக்கணக்கில் செய்தது. சாதாரணக் காருக்கும் கரேராவுக்கும் அடிப்படை உருவம் ஒன்றுதான்.

ஒரு சாதாரணக் காரை வாங்க வேண்டியது. பின் சக்கரங்களுக்கு மேல் உள்ள தகட்டைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டியது. வாத்து வாலைப் பொருத்த வேண்டியது. "கரேரா" என்று எழுத வேண்டியது. வேலை முடிந்தது!

இப்படிச் செய்வது குற்றமா? இல்லை. "எனக்கு ஆசை, நகல் செய்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி ஓட்டுகிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்த நகலை "அசல்" என்று சொல்லி விற்றால்தான் மோசடி. அதுவும் ஒரே நாளில் நடப்பது இல்லை. முதலில் வைத்திருந்தவர் உண்மையைச் சொல்லி விற்றிருப்பார். வாங்கியவர் பாதியைச் சொல்லி விற்றிருப்பார். நாலாவது கைக்கு வரும்போது, நகல் "அசல்" ஆகி விடும்!

கடைசியாக வாங்குகிறவர் வாழ்நாள் சேமிப்பை எல்லாம் கொடுத்து விட்டு நிற்பார்.

பத்து இலக்கம் பேசுகிறது

சோதனை எங்கே ஆரம்பம் ஆகிறது? காரின் எண்ணில்!

சாலையில் நாம் பார்க்கும் நம்பர் பலகையை இங்கே சொல்லவில்லை. அதைக் கழற்றி மாட்டலாம். தொழிற்சாலையில் காரின் உடம்பிலேயே ஓர் எண்ணை அடிப்பார்கள். அதற்குச் "சேசிஸ் எண்" என்று பெயர்.

போர்ஷே 911 காரில் என்ஜின் பின்னால் இருக்கிறது. சாமான் வைக்கும் அறை முன்னால் இருக்கிறது. அந்த அறையில், விரிப்பைத் தூக்கினால் தகட்டில் அடித்த எண் தெரியும்.

கரேரா ஆர்.எஸ். காருக்குப் பத்து இலக்க எண். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால், காரின் ஜாதகமே தெரிந்து விடும்.

முதல் மூன்று இலக்கம் 911. அது காரின் வகை.

நாலாவது இலக்கம் 3. அது 1973-ம் ஆண்டு மாடல் என்பதைக் காட்டும்.

ஐந்தாவது இலக்கத்தில்தான் ரகசியம் இருக்கிறது. அது 6 ஆக இருந்தால் கரேரா ஆர்.எஸ். அதே ஆண்டில் செய்த சாதாரணக் கார்களில் அந்த இடத்தில் 1, 2, 3 என்று வேறு எண்கள் இருக்கும்.

கடைசி நான்கு இலக்கங்கள் வரிசை எண்.

என்ஜினுக்கும் தனி எண் உண்டு. விசிறிக்குப் பக்கத்தில் அடித்திருப்பார்கள். கரேராவின் என்ஜின் எண் 663 என்று தொடங்கும்.

இவை தவிர, தொழிற்சாலை வேலைக்காக அடித்த இன்னொரு எண்ணும் உண்டு. அது எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். போலி செய்கிறவர்கள் வெளியே தெரியும் எண்ணை மாற்றி விட்டு, மறைவாக உள்ள எண்ணை மறந்து விடுவது உண்டு. திருடன் வாசல் கதவைப் பூட்டி விட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்!

எந்த எண் உள்ள காரில் எந்த எண் உள்ள என்ஜினைப் பொருத்தினார்கள், என்ன நிறம் அடித்தார்கள், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்ற விவரங்கள் கம்பெனியின் பழைய ஏடுகளில் இருக்கின்றன. காரில் உள்ள எண்களை அந்த ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஏட்டில் "மஞ்சள் நிறம்" என்று இருக்கிறது. கார் வெள்ளையாக இருக்கிறது. அதனால் மட்டும் அது போலி ஆகி விடாது. இடையில் யாராவது நிறம் மாற்றி இருக்கலாம். ஆனால் சுரண்டிப் பார்த்தால், அடியில் எங்காவது மஞ்சள் இருக்க வேண்டும். ஒரு துளி மஞ்சள் கூட இல்லை என்றால் சந்தேகம் வர வேண்டும்.

ஒரே எண், இரண்டு கார்கள்!

"எண் சரியாக இருக்கிறது. ஏட்டோடும் ஒத்துப் போகிறது. அப்படியானால் அசல்தானே?" என்று கேட்பீர்கள்.

அவசரப்படக் கூடாது!

ஒரு அசல் கார் விபத்தில் நொறுங்கிப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நொறுங்கிய காரிலிருந்து எண் உள்ள தகட்டை மட்டும் ஒருவன் வெட்டி எடுக்கிறான். அதைச் சாதாரணக் காரில் வைத்து ஒட்டி விடுகிறான். எண் அசல்! கார் போலி!

இன்னொருவர் அந்த நொறுங்கிய உடம்பை வாங்கிச் செப்பனிடுகிறார். "என்னுடையதுதான் அந்தக் கார்" என்கிறார். கடைசியில் ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் வந்து நிற்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க, தேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காரின் பளபளப்பைப் பார்ப்பதே இல்லை. தரையில் படுத்துக் கொண்டு அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள்.

எண்ணைச் சுற்றி ஒட்டு வேலை நடந்த வடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எண்களின் எழுத்து வடிவத்தைப் பார்ப்பார்கள். தொழிற்சாலை அச்சில் 3 எப்படி வளையும், 6 எப்படிச் சுழியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

வண்ணப் பூச்சின் கனத்தை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. தகட்டின் மேல் வைத்தால் போதும். தொழிற்சாலையில் அடித்த பூச்சு மெல்லியதாக இருக்கும். பள்ளத்தை மறைக்கப் பசை பூசிய இடம் கனமாக இருக்கும். கருவி காட்டிக் கொடுத்து விடும்.

கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் உட்புறத்தில் அடித்த தேதியைப் பார்ப்பார்கள். 1973-ம் ஆண்டு செய்த காரில் 1978-ம் ஆண்டுச் சக்கரம் இருந்தால், "இது எப்போது வந்தது?" என்று கேட்பார்கள்.

அழித்த எண்ணை இரும்பு மறப்பதில்லை!

எல்லாவற்றிலும் வியப்பான சோதனை ஒன்று உண்டு.

ஒருவன் பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழித்து விடுகிறான். தகடு வழவழப்பாகி விடுகிறது. அதன் மேல் புதிய எண்ணை அடிக்கிறான். பழைய எண் போயே போய் விட்டது என்று நினைக்கிறான்.

ஆனால் போகவில்லை!

இரும்பில் எண்ணை அடிக்கும்போது, மேலே பள்ளம் மட்டும் விழுவது இல்லை. பள்ளத்துக்குக் கீழே உள்ள இரும்பும் நசுங்குகிறது. மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்தாலும், கீழே நசுங்கிய இரும்பு அப்படியே இருக்கும்.

அந்த இடத்தில் ஒரு வகைத் திராவகத்தைத் தடவுவார்கள். நசுங்கிய இரும்பை அது ஒரு மாதிரி அரிக்கும். நசுங்காத இரும்பை வேறு மாதிரி அரிக்கும். அதனால் அழிந்து போன எண், பேய் உருவம் போல மெல்ல மெல்ல மேலே தோன்றும்!

திருட்டுத் துப்பாக்கிகளின் எண்ணைக் கண்டுபிடிக்கவும் போலீஸ் இலாகா நிபுணர்கள் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். மிக ஆழமாகத் தேய்த்து, நசுங்கிய இரும்பையும் எடுத்து விட்டால்தான் இது பலிக்காது.

சேசிஸ் எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றம். அப்படிப்பட்ட காரைப் போலீசார் பறிமுதல் செய்யலாம். வாங்கியவருக்குக் காரும் போகும், பணமும் போகும்.

கோர்ட்டுக்கு வந்த கார்

இதுவரை சொன்னது, "வெளியே எல்லாம் சரி, உள்ளே பொய்" என்ற கதை.

இப்போது அதற்கு நேர்மாறான கதை ஒன்றைக் கேளுங்கள். இது இங்கிலாந்தில் நடந்தது. காரின் பாகங்கள் எல்லாம் மாறிப் போய் விட்டன. ஆனாலும், "இதுதான் அந்தக் கார்!" என்று கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது!

பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நடக்கும் கார் பந்தயம் மிகவும் கடுமையானது. 24 மணி நேரம், இரவும் பகலும் ஓட வேண்டும்.

1929-ம் ஆண்டு அந்தப் பந்தயத்தில், இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனிக் கார்கள் முதல் நான்கு இடங்களையும் பிடித்தன. முதலாவது வந்த காரை உல்ப் பர்னாட்டோ, ஹென்றி பிர்கின் ஆகிய இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். பர்னாட்டோ பெரிய பணக்காரர். அவருடைய தந்தை தென் ஆப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் செல்வம் குவித்தவர். பென்ட்லி கம்பெனியின் தலைவரும் பர்னாட்டோதான்.

அடுத்த ஆண்டு, 1930-ல், அதே கார் மீண்டும் வென்றது. இந்த முறை பர்னாட்டோவுடன் ஓட்டியவர் கிளென் கிட்ஸ்டன். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வென்ற அந்தக் காருக்கு "ஓல்டு நம்பர் ஒன்" என்று செல்லப் பெயர் வந்தது. "பழைய முதல் நம்பர்" என்று பொருள்.

பந்தயக் கார் என்றால், தேய்ந்த பாகத்தை மாற்றுவார்கள். உடைந்த பாகத்தை மாற்றுவார்கள். அந்தக் காரிலும் மாற்றினார்கள். அடிச்சட்டம் மாறியது. பெரிய என்ஜின் வந்தது.

1932-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் 500 மைல் பந்தயம் நடந்தது. கிளைவ் டன்பீ என்ற வீரர் அந்தக் காரை ஓட்டினார். சரிவான பாதையின் உச்சியைத் தாண்டிக் கார் வெளியே பாய்ந்தது. டன்பீ உயிர் இழந்தார்.

நொறுங்கிய காரைப் பர்னாட்டோ மீண்டும் கட்டச் சொன்னார். பந்தயக் கார், கூரை போட்ட சாலைக் காராக மாறியது. பிறகு அது பல கை மாறியது. உடம்பும் மாறியது. கடைசியில் ஒருவர் அதை வாங்கி, பழைய பந்தயக் கார் போலவே திருத்தி அமைத்தார்.

1 கோடி பவுன் வழக்கு

1990-ம் ஆண்டு. அவர் அந்தக் காரை ஒரு கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். விலை எவ்வளவு தெரியுமா? சுமார் 1 கோடி பவுன்!

ஆனால் கம்பெனி பின்வாங்கியது. "இது ஓல்டு நம்பர் ஒன் அல்ல. அந்தக் காரின் பாகங்கள் இதில் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டது.

விற்றவர் வழக்குப் போட்டார். லண்டன் ஐகோர்ட்டில் நீதிபதி ஒட்டன் முன்னால் விசாரணை நடந்தது. இரண்டு தரப்பிலும் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள்.

காரை ஆணி ஆணியாக ஆராய்ந்தார்கள். 1929-ல் ஓடிய காரின் பாகம் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. 1930-ல் ஓடிய காரிலிருந்து, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு, பெடல் தண்டு என்று ஒரு சில மட்டுமே மிஞ்சி இருந்தன.

"அப்படியானால் வழக்குத் தோற்று விட்டதா?" என்று கேட்பீர்கள்.

இல்லை! விற்றவர் ஜெயித்தார்!

நீதிபதி சொன்ன காரணத்தைக் கேளுங்கள். பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆண்டுகளில் மாறின. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் அது அதே காராகவே இருந்து வந்தது. இடையில் அதன் வரலாறு அறுந்து போகவே இல்லை. "நான்தான் ஓல்டு நம்பர் ஒன்" என்று உரிமை கொண்டாட உலகத்தில் வேறு காரும் இல்லை. விலைக்கு வந்தது வெறும் இரும்பு அல்ல. அந்தக் காரின் பெயரும் பெருமையும்தான். இதுதான் அவருடைய தீர்ப்பின் சாரம்.

"பழைய பாகங்கள் அப்படியே உள்ள கார்" என்று அவர் சொல்லவில்லை. "அதே கார்" என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நம் ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் மாறுகிறது. சக்கரம் மாறுகிறது. உளுத்துப் போன மரத்தை எடுத்து விட்டுப் புது மரம் வைக்கிறோம். ஆனாலும் அதை "வேறு தேர்" என்று யாரும் சொல்வது இல்லை. ஏன்? ஊரார் கண் முன்னால், ஒவ்வொன்றாக மாறியது. எப்போது எது மாறியது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த "தெரியும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்பெனியே செய்தால்?

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள்.

இங்கிலாந்தில் ஜாகுவார் கம்பெனி 1957-ம் ஆண்டு "எக்ஸ்.கே.எஸ்.எஸ்." என்ற வேகக் காரைச் செய்தது. லெ மான் பந்தயத்தில் வென்ற காரைச் சாலையில் ஓட்டும்படி மாற்றிச் செய்தார்கள். 25 கார்கள் செய்வது என்பது திட்டம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு, கவன்ட்ரி நகரில் இருந்த தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 9 கார்கள் எரிந்து போயின. மிஞ்சியவை 16 கார்கள் மட்டுமே.

59 ஆண்டுகள் கழிந்தன. 2016-ம் ஆண்டு ஜாகுவார் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. "அன்று எரிந்து போன 9 கார்களுக்குப் பதிலாக, இப்போது 9 கார்கள் செய்யப் போகிறோம்" என்றது! பழைய கார்களை அணு அணுவாக அளந்து, அதே முறையில் கையால் செய்தார்கள். ஒவ்வொன்றின் விலையும் 10 லட்சம் பவுனுக்கு மேல்.

இவை அசலா, நகலா?

செய்தது அதே கம்பெனி. அளவும் அதே அளவு. ஆனால் 1957-ம் ஆண்டுக் கார்கள் அல்ல. கம்பெனியும் அதை மறைக்கவில்லை. "தொடர்ச்சிக் கார்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றது. வாங்கியவர்களும் தெரிந்தே வாங்கினார்கள். அதனால் அங்கே ஏமாற்று இல்லை.

மூன்று கார்கள், ஒரு பாடம்

போலி கரேராவில் உருவம் சரியாக இருந்தது. வரலாறு பொய்.

பென்ட்லியில் பாகங்கள் போய் விட்டன. வரலாறு உண்மை.

ஜாகுவாரில் கார் புதிது. அந்தப் புதுமையை ஒளிக்காமல் சொன்னார்கள்.

ஆகவே காரின் உண்மை, பளபளக்கும் தகட்டில் இல்லை. "எங்கே பிறந்தது? யாரிடம் இருந்தது? எப்போது எது மாறியது?" என்ற கேள்விகளுக்கு இடைவெளி இல்லாமல் பதில் வர வேண்டும். அதில்தான் இருக்கிறது.

அதனால்தான் அனுபவசாலிகள், காரைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதங்களைப் பார்க்கிறார்கள். பழைய பதிவுச் சான்று, பட்டறை ரசீது, பந்தயத்தில் எடுத்த பழைய போட்டோ எல்லாவற்றையும் கேட்கிறார்கள். போட்டோவில் தெரியும் ஒரு சின்னத் துளை, காரில் அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அழுக்குப் படிந்த பழைய ரசீதுக்கு, சில வேளை என்ஜினை விட மதிப்பு அதிகம்!

விற்கிறவர் காகிதம் இல்லாமல் கதை மட்டும் சொன்னால், அவர்கள் கும்பிடு போட்டு விட்டு வந்து விடுகிறார்கள்.

நமக்கு என்ன?

"கோடி ரூபாய்க் காரை நாம் எங்கே வாங்கப் போகிறோம்?" என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஆனால் பழைய ஸ்கூட்டர் வாங்குகிறோம். மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம். குடும்பத்துக்கு என்று, கைமாறி வந்த கார் வாங்குகிறோம். பெரிய கார்களுக்குச் சொன்ன பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.

பதிவுச் சான்றில் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இருக்கும். வண்டியில் அடித்துள்ள எண்களோடு, ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். இருட்டில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம் இருந்தால், காசு கொடுக்காதீர்கள்.

முன்னால் வைத்திருந்தவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே போய்ப் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

"இன்னும் நாலு பேர் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கே பணம் கொடுத்தால் உண்டு" என்று விற்கிறவர் அவசரப்படுத்துவார். அப்போது அந்த லண்டன் வழக்கை நினைத்துக் கொள்ளுங்கள். 1 கோடி பவுன் கொடுக்க வந்தவர்களே, கேள்வி கேட்காமல் வாங்கவில்லை.

அசல் வண்டி வைத்திருப்பவர், எத்தனை கேள்வி கேட்டாலும் கோபப்பட மாட்டார்!